பத்தாவது கை

நாரின் என்ற மலையூருக்குப் பக்கத்து ஆஸ்பத்திரி ஒன்றின் இருதய வார்டில் பதினோரு வருஷம் நின்றேன். நின்றேன் என்றுதான் சொல்ல வேண்டும், உட்கார்ந்ததாக நினைவில்லை. முப்பது படுக்கைக்கு ஒரு நர்ஸ். இறந்துபோன கிழவர் ஒருவரின் மகன் என் கன்னத்தில் அறைந்த அன்று, வேலையை விடுகிறேன் என்று எழுதிக் கொடுத்துவிட்டு வெளியே வந்தேன். பஸ் டிப்போ வேலை அதற்கப்புறம் கிடைத்ததுதான்.

வேலை இவ்வளவுதான். காலை ஆறு மணிக்கு ஒன்பது டிரைவர்கள் வருவார்கள். என் அறைக்கும் முற்றத்துக்கும் நடுவே ஒரு சின்ன ஜன்னல். அதன் வழியாகக் கையை நீட்டுவார்கள். பிரஷர் பார்த்து, நாடி பார்த்து, என் பதிவேட்டில் எழுதி, டிரிப் ஷீட்டில் முத்திரை குத்த வேண்டும். முத்திரை இல்லாமல் வண்டி வெளியே போகக் கூடாது. முகத்தைக்கூடப் பார்க்க வேண்டியதில்லை, கைகள் மட்டும்தான்.

"இங்க யாரும் சாக மாட்டாங்க, சல்தனாத்," என்றார் டிப்போ தலைவர் தோலோமுஷ். டிரைவர்கள் எல்லோரும் 'எஜே' என்றுதான் என்னைக் கூப்பிடுவார்கள், எங்கள் பக்கத்தில் அக்கா என்று அர்த்தம். பேர் சொல்லிக் கூப்பிட்டவர் அவர் ஒருவர்தான்.

டிசம்பரில் பனி முழங்காலுக்கு ஏறியது. "விடியறதுக்கு முன்னாடி வந்து ஏன் விறைக்கிற? சாயங்காலமே வெறும் ஷீட்டுல குத்தி வச்சிட்டுப் போ," என்றார். கரும்பு தின்னக் கூலியா? குத்தி வைத்தேன். பதினோரு வருஷத்துக்குப் பிறகு விடியும்வரை தூங்கினேன்.

மூன்றாவது வாரம் டிரைவர் குபாத் கணவாயில் செத்துப் போனார். ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே மூளையில் ரத்தக்குழாய் வெடித்திருந்தது. வண்டி பனிமேட்டில் முட்டி நின்றதால் பயணிகள் பதினான்கு பேரும் பிழைத்தார்கள்.

"தலைக்கு வந்தது தலைப்பாகையோட போச்சு," என்றார் தோலோமுஷ். முத்திரை விழுந்த ஷீட்டை அடுப்பில் போட்டார். என் பதிவேட்டை எடுத்து நீட்டினார். "வோட்கா நாத்தம் அடிச்சுது, போகாதேன்னு தடுத்தேன், மீறிப் போயிட்டான்னு எழுது. இல்லேன்னா உன் வேலை போயிடும். திரும்ப வார்டுக்குத்தான் போகணும்."

ஜெயில் என்று மிரட்டியிருந்தால்கூடக் கொஞ்சம் யோசித்திருப்பேன். வார்டு என்றதும் எழுதிவிட்டேன்.

குபாத் வோட்காவைத் தொட்டதே இல்லை. ஆனால் ஊர் நம்பியது பதிவேட்டைத்தான். குடிகாரன், பதினான்கு உயிரைக் கொல்லப் பார்த்தவன் என்றார்கள். பள்ளிக்கூடத்தில் அவர் மகளைச் சீண்டினார்கள். நாற்பதாம் நாள் விருந்துக்கு எங்கள் வழக்கப்படி அவர் மனைவி குதிரை அறுத்தும் பாதிப் பேர் வரவில்லை. நானும் போகவில்லை. எந்த முகத்தோடு போவது?

அதற்கு மறுநாள் காலை. நான் பழையபடி ஆறு மணிக்கே வரத் தொடங்கியிருந்தேன். குபாத்துக்குப் பதிலாக வந்த புது டிரைவரையும் சேர்த்து ஒன்பது கைகளும் முடிந்து, டிரைவர்கள் வண்டிகளுக்குப் போய்விட்டார்கள். ஜன்னலை மூட எழுந்தேன்.

பத்தாவது கை உள்ளே வந்தது.

சட்டை முழங்கைவரை சுருட்டியிருந்தது. ரோமத்தில் ஒட்டியிருந்த பனி, ஹீட்டரின் அனலிலும் உருகவில்லை. டீசல் வாடை. அதற்கு அடியில் புதிதாகத் தோண்டிய மண்ணின் வாடை. மணிக்கட்டில் ரேடியேட்டர் சுட்ட பழைய தழும்பு.

அந்தத் தழும்பு எனக்குத் தெரியும்.

பழக்க தோஷம், நாடியில் விரலை வைத்தேன். ஒன்றுமே இல்லை. பிரஷர் பட்டையையும் சுற்றினேன். ஏன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. மெஷின் இருநூற்று முப்பது என்று காட்டியது.

"எழுதுங்க, எஜே," என்றது வெளியிலிருந்து ஒரு குரல், மிக மெதுவாக.

எழுதவில்லை. ஜன்னலை அறைந்து சாத்தினேன். மறுநாளும் வந்தது. அதற்கு மறுநாளும்.

பொறுக்க முடியாமல் தோலோமுஷிடம் சொன்னேன். "ஆஸ்பத்திரிக் கிறுக்கு இன்னும் தெளியல உனக்கு," என்று சிரித்தார். முற்றத்துக்குப் போய்த் தன் கையை ஜன்னலுக்குள் நீட்டினார். "இதோ உன் பேய். பிரஷர் பாரு."

பட்டையைச் சுற்றினேன். நூற்று இருபது.

"பாத்தியா? கல்லு மாதிரி இருக்கேன்." கையை இழுத்தார்.

கை வெளியே போகவில்லை.

அவர் மணிக்கட்டில், விரல்கள் அழுத்தியதுபோல நான்கு குழிகள் விழுந்தன. டீசல் வாடை என் தோளருகே அடித்தது. பிடித்திருந்தவர் வெளியே இல்லை.

என் பக்கத்தில் நின்றார்.

மெஷின் தானாகவே ஓடத் தொடங்கியது. நூற்று அறுபது. நூற்றுத் தொண்ணூறு.

"விடு, சல்தனாத். கையை விடு."

"நான் பிடிக்கல," என்றேன்.

இருநூற்று முப்பது.

பட்டையைக் கழற்றியிருக்கலாம். கழற்றவில்லை. ஒளிக்காமல் சொல்கிறேன், அந்த நொடி எனக்கு இனிப்பாக இருந்தது. பதிவேட்டை நீட்டி என்னைப் பொய் எழுத வைத்த கை அது. துடிக்கட்டும் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். என் பாவமும் அவர் தலையோடு போய்விடும் என்று நினைத்தேன்.

அவர் சாகவில்லை. ஒரு பக்கம் விழுந்து, வாய் கோணி, பேச்சு நின்றுவிட்டது.

நான் டிப்போவை விட்டு ஓடினேன். பதிவேட்டில் அந்தப் பொய் அப்படியே இருக்கிறது. திருத்தத் துணிவு வரவில்லை. பள்ளிக்கூட நர்ஸ் வேலை, மருந்துக்கடை வேலை என்று இரண்டு மாதம் அலைந்தேன். எங்கும் இடமில்லை. கடைசியில் கிடைத்தது வார்டுதான். இந்த முறை நரம்பு வார்டு.

ஆறாம் படுக்கையில் தோலோமுஷ் கிடந்தார்.

முதல் நாள் காலை, பிரஷர் பார்க்கக் குனிந்தேன். இரண்டு மாதமாக ஒரு வார்த்தை பேசாத மனிதர் என் மணிக்கட்டைப் பிடித்தார். கோணிய வாய் திறந்தது. குரல் அவருடையது அல்ல.

"அன்னைக்கு விடியக்காலைல தலை பிளந்துடற மாதிரி வலிச்சுது, எஜே. உங்க ஜன்னலை ரொம்ப நேரம் தட்டினேன்."

தினமும் அதையே சொல்கிறார். மற்ற நர்சுகளிடம் வாயே திறப்பதில்லை. வேறு வார்டுக்கு மாற்றச் சொல்லி எழுதிக் கொடுத்து இன்றோடு ஏழு நாள் ஆகிறது. ஆள் இல்லை, ஆறாம் படுக்கையை நீதான் பார்க்க வேண்டும் என்கிறார்கள்.