காப்பிரி மேட்டுத் தண்ணீர்

தம்ளரை இரண்டாம் தடவை சோப்புப் போட்டுத் தேய்த்த பிறகும் அதன் விளிம்பில் ஒரு வழவழப்பு மிச்சமிருந்தது. மெர்லின் விரலை முகர்ந்து பார்த்தாள். சீப்பில் நெடுநாள் சிக்கிக் கிடந்த முடியின் வாடை. எண்ணெயும் வியர்வையும் ஊறிப்போன, யாரோ ஒருவருடைய தலையின் வாடை.

புது வீடு அது. சுவரில் பெயிண்ட் நெடிகூட இன்னும் போகவில்லை. அடுப்படி ஜன்னலைத் திறந்தால் ஒரு பக்கம் திராட்சைப் பந்தல், மறுபக்கம் கோயில் கல்லறைத் தோட்டத்து மதில். மலையிலிருந்து இறங்கும் ஈரக்காற்று பந்தலுக்கு அடித்த மருந்து நெடியையும் கீழே உதிர்ந்து அழுகிய பழத்தின் புளிப்பையும் வாரிக்கொண்டு உள்ளே வரும். அத்தனையையும் மீறி, குழாயைத் திறக்கும்போதெல்லாம் அந்த முடிவாடை அடுப்படியில் வந்து நின்றது.

"புது போர்வெல்லு, புது பைப்பு. கொஞ்ச நாளைக்கு அப்பிடித்தேன் இருக்கும்" என்று சொல்லிவிட்டு அவள் புருஷன் ஆண்டனி ராஜ் பந்தலுக்குப் போய்விட்டான்.

தண்ணீரைக் கொதிக்க வைத்துப் பார்த்தாள். ஆறியதும் பாலில் படிவதுபோல மேலே ஏடு படிந்தது. கரண்டியால் தூக்கினாள். அறுபடாமல், சுருக்கம் சுருக்கமாக, தோலைப் போலத் தொங்கியது. அதை வாசலுக்குக் கொண்டுபோய் வீசினாள். எதிர்வீட்டுக் கோழி ஓடிவந்து கொத்திப் பார்த்துவிட்டு, அலகை மண்ணில் தேய்த்தபடி விலகிப் போனது.

மத்தியானம் நசீம் வந்தாள். கம்பத்துக்காரி, கல்லூரியில் வரலாறு எடுப்பவள். ஸ்கூட்டியை நிறுத்திவிட்டு வீட்டை ஒரு பார்வை, மதிலை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு போனில் ஒரு பழைய போட்டோவைக் காட்டினாள். இதே மதில். மதிலுக்கு வெளியே, இப்போது இந்த வீடு நிற்கும் இடத்தில், ஒரு மேடு. மேட்டில் வரிசையாக நட்ட கற்கள்.

"ரெண்டாம் உலகச் சண்டைக் காலத்துல கிழக்கு ஆப்பிரிக்காவுல இருந்து வந்த பட்டாளம்க்கா. இங்கன கூடாரம் போட்டிருந்தாக. காய்ச்சல்ல செத்தவுகளக் கல்லறைத் தோட்டத்துக்குள்ள விடமாட்டோம்னு ஊர்ல சொல்லிட்டாக. அதான் வெளிய புதைச்சாக. ஆப்பிரிக்காக்காரவுகளக் காப்பிரின்னுதேன் சொல்லுவாக; யாரக் கேட்டாலும் காப்பிரி மேடுன்னா தெரியுது. ஒரு ஆளு பேருகூடத் தெரியல."

அடுத்த படத்தைத் தள்ளினாள். பட்டாளத்துச் சட்டைக் காலர் கழுத்துக்குப் பெரிதாக, மீசை அரும்பாத ஒரு பையன், கேமராவைப் பார்த்துக் கூச்சத்தோடு நின்றான்.

"இவரு வீட்டாளுக நைரோபியில இருந்து எழுதியிருக்காக. அந்த மண்ணையாவது வந்து பாக்கணுமாம். பேரு வெட்டின கல்லு ஒண்ணு கெடைச்சாலும் போதும்க்கா, கலெக்டர் ஆபீஸ்ல கேட்டு வேலி போட்டு போர்டு வச்சிரலாம். நீங்க பாத்தீகளா?"

மெர்லினின் கண் கொல்லைப்புறத்துக்குப் போகப் பார்த்தது. பிடித்து நிறுத்தினாள். அங்கே, குழாயடியில், அவள் காலையில் துணி அடித்துத் துவைத்த கல் கிடந்தது. எழுத்து கீழே இருக்கும்படி கவிழ்த்துப் போட்டவன் ஆண்டனி ராஜ். யார் கேட்டாலும் என்ன சொல்ல வேண்டும் என்று சொல்லிக் கொடுத்தவனும் அவன்தான்.

"வெறும் மேடாத்தேன் கெடந்துச்சு. கல்லெல்லாம் ஒண்ணும் இல்ல டீச்சர்."

நசீம் போனைப் பைக்குள் போட்டாள். கொடுத்த தண்ணீரை ஒரு வாய் குடித்தாள். முகம் கோணியது. எழுந்து வேலியோரம் போய்த் துப்பினாள். நம்பரை மட்டும் கொடுத்துவிட்டுக் கிளம்பினாள்.

பொழுது சாயும்போது மழை பிடித்தது. ஆண்டனி ராஜ் நனைந்து வந்து சோற்றுக்கு உட்கார்ந்தான்.

"கல்லு கெடக்கட்டும்" என்றாள். "எலும்பெல்லாம் எங்கன போட்டீக?"

"இப்ப எதுக்கு அது?"

"சொல்லுங்க."

"ஜேசிபிக்காரன் வாரிக் குடுத்தான். பழைய கெணத்துல தள்ளி மூடியாச்சு. என்னைக்கோ செத்த காப்பிரிக்கு இங்கன யாரு அழப்போறா?"

"எந்தக் கெணறு?"

ரசம் சொட்டும் கையை ஜன்னல் பக்கம் நீட்டினான். மூடிய கிணற்று மண் மழையில் உள்வாங்கிக் குழியாகியிருந்தது. குழியின் விளிம்பை ஒட்டி, கைக்கெட்டும் தூரத்தில், அவர்கள் வீட்டுப் போர்வெல்லின் நீலக் குழாய் நின்றது.

சோறு வடித்தது அந்தத் தண்ணீரில். பல் தேய்த்தது. வாய் கொப்பளித்தது. காய்ச்சலில் கிடந்தபோது மாத்திரை விழுங்கியது. மெர்லின் குழாயடிக்கு ஓடி வாந்தி எடுத்தாள். வாயைக் கழுவக் குழாயைத் திறந்தவள், அப்படியே மூடினாள். முந்தானையால் துடைத்துக்கொண்டாள்.

திரும்பி வந்தபோது அவன் சாப்பிட்டுக்கொண்டுதான் இருந்தான்.

கடக்.

கையில் துப்பினான். ஒரு கடைவாய்ப் பல். வேரோடு, பழுப்பேறி, இடுக்கில் களிமண் அப்பி. நாக்கைச் சுழற்றித் தன் பற்களைத் தடவிப் பார்த்தான்.

"என்னோடது இல்லயே" என்றான். ஜன்னல் வழியாக எறிந்தான். அடுத்த உருண்டையைப் போட்டான்.

கடக்.

இந்தத் தடவை துப்பவில்லை. மென்றான். கல்லும் கல்லும் உரசும் சத்தம். அவன் கண்கள் விரிந்திருந்தன, கண்ணீர் வழிந்தது. தாடை நிற்கவில்லை.

"துப்புங்க! என்னங்க, துப்புங்க!"

கரண்ட் போனது.

இருட்டு. மழை. நடுவில் அந்தச் சத்தம் மட்டும். ஒரு வாயின் சத்தம் இல்லை. ஒரு பந்தியே உட்கார்ந்து மெல்லும் சத்தம்.

போன் டார்ச்சை அடித்தாள்.

அவன் வாய் திறந்திருந்தது. ஈறு பிளந்து எச்சிலும் ரத்தமும் நூலாக இறங்கின. அவன் பல் வரிசைக்குப் பின்னால் இன்னொரு வரிசை. அதன் பின்னால் இன்னொன்று. நாக்குக்கு இடமில்லாமல், தொண்டை வரைக்கும். ஒவ்வொரு வரிசையும் தனித்தனியே அசைந்தது. ஒவ்வொன்றிலிருந்தும் ஒரு சொல். அட்டெண்டன்ஸ் எடுக்கும்போது சொல்வதுபோல, ஒன்றன்பின் ஒன்றாக. அவனுக்குத் தெரியாத பாஷை. ஆனால் பேர்கள்தான் அவை. மனிதர்களின் பேர்கள்.

சுவரில் முதுகு இடிக்கப் பின்வாங்கினாள். நசீமின் நம்பரைத் தேடி அழுத்தினாள். சொல்லிவிட வேண்டும். கல் இருக்கிறது. எலும்பு இருக்கிறது. நான் சொன்னது பொய்.

"ஹலோ? அக்கா, நீங்களா?"

மெர்லின் பேச வாயெடுத்தாள். நாக்கு எதிலோ இடறியது.

"அக்கா, சொல்லுங்க. யாரு அங்கன, இத்தன பேரு பேசுறது?"

நாக்கை மெல்ல மேலே கொண்டுபோனாள். அண்ணத்தில், சில்லென்று, மண் ருசியோடு, கூராக ஒன்று. அதன் பக்கத்தில் சதையைக் கிழித்துக்கொண்டு இன்னொன்று முளைத்து வந்துகொண்டிருந்தது.