யார் எடுத்த முடிவு

துணைவேந்தர் தேர்வுக்குழுவின் அறையில் தடமறிவி என்ற கருவி இரண்டு நாட்களாக ஓடிக்கொண்டிருந்தது. பல்கலைக்கழகத்தின் கோப்புகள், கடிதங்கள், கூட்டங்களில் பதிவான பேச்சுகள் அத்தனையையும் படித்து, ஒவ்வொரு முடிவும் முதலில் யார் மனத்தில் தோன்றியது என்று அது சொல்லிவிடும். கையெழுத்துப் போட்டவர் யார் என்பது அதற்குப் பொருட்டில்லை. அதன் அறிக்கை இல்லாமல் யாரையும் துணைவேந்தராக்கக் கூடாது என்று அந்த ஆண்டுதான் சட்டம் வந்திருந்தது.

செண்பகவல்லி நான்காவது முறையாக விண்ணப்பித்திருந்தார். தாவரவியல் பேராசிரியர், பதினொரு ஆண்டுகளாகப் பொறுப்புப் பதிவாளர். முந்தைய நேர்காணல்களில் கணவரின் உடல்நிலையையும் மகளின் திருமணத்தையும் அக்கறையோடு விசாரித்து அனுப்பிவிட்டார்கள். மாநிலத்தின் இருபத்திரண்டு பல்கலைக்கழகங்களில் ஒன்றில்கூட அப்போது பெண் துணைவேந்தர் இல்லை.

ஒவ்வொரு பட்டமளிப்பு விழாவுக்கு முன்பும் சான்றிதழ்களை அவர்தான் சரிபார்ப்பார். பெயர், முத்திரை எல்லாம் பார்த்து முடித்தபின், கீழே துணைவேந்தர் கையெழுத்துக்கு விட்டிருக்கும் வெற்றிடத்தில் விரல் ஒரு கணம் நிற்கும். அங்கே தன் பெயர் எப்படி இருக்கும் என்று நினைத்துப் பார்ப்பார். பிறகு அடுத்ததை எடுப்பார். இதை அவர் யாரிடமும் சொன்னதில்லை.

மூன்றாம் நாள் அறிக்கை வந்தது. பதினொரு ஆண்டுகளின் நானூற்றுப் பன்னிரண்டு முக்கிய முடிவுகளில் முந்நூற்று எழுபது செண்பகவல்லியுடையவை. மூன்று துணைவேந்தர்களுக்குப் பெயர் வாங்கித் தந்த மாலைநேரக் கல்லூரியும் மலையடிவார ஆய்வு நிலையமும் அவர் யோசித்தவை.

குழுத்தலைவர் திருவேங்கடம் அவரை அழைத்து உட்காரச் சொன்னார். உண்மையான மரியாதையோடுதான் பேசினார்.

“நீங்கள் இல்லாமல் அந்த அலுவலகம் ஒரு நாள் நடக்காது, மேடம். உங்களை மேலே அனுப்பிவிட்டால் இதையெல்லாம் யார் பார்ப்பார்கள்?”

இயற்பியல் துறையின் நலங்கிள்ளியைப் பரிந்துரைக்கப் போவதாகச் சொன்னார். அவர் பெயரில் இரண்டே முடிவுகள் இருந்தன. அவரை எடுத்தால் எந்த வேலையும் நிற்காது.

செண்பகவல்லிக்கு, இத்தனை ஆண்டு உழைப்பும் தனக்கு எதிராகவே சாட்சி சொன்னது போலிருந்தது. ஆனாலும் எழுந்து போகவில்லை. தேர்வுக்குழுவின் முடிவையும் தடமறிவியிடம் காட்ட வேண்டும் என்று சட்டம் சொல்வதை மட்டும் நினைவுபடுத்தினார்.

வெறும் சம்பிரதாயம்தானே என்று திருவேங்கடம் ஒப்புக்கொண்டார். கருவி பழைய தேர்வுக்குழுக்களின் கோப்புகளையெல்லாம் புரட்டி முடிக்க நான்கு நிமிடம் ஆயிற்று. திரையில் வந்ததை அவரே உரக்கப் படித்தார்.

“இந்த முடிவு குழுவில் உள்ள எவருடையதும் அல்ல. இதே காரணம் சொல்லி இதுவரை முப்பத்தொரு பெண்கள் விலக்கப்பட்டிருக்கிறார்கள். முதலில் சொன்னவர்...”

அங்கே இருந்த பெயரை யாரும் கேள்விப்பட்டதில்லை. அவர் ஓய்வு பெற்றே ஐம்பது ஆண்டுகள் ஆகியிருந்தன. உறுப்பினர்கள் நால்வரும் மேசையைப் பார்த்தபடி இருந்தார்கள். சட்டப்படி, குழு தானாக எடுக்காத முடிவை அரசு ஏற்காது.

திருவேங்கடம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு, பழக்கத்தில், செண்பகவல்லியின் பக்கம் திரும்பி இப்போது என்ன செய்யலாம் என்று கேட்டார்.

பதில் செண்பகவல்லிக்கு வாய்வரை வந்துவிட்டது. ஆனால் கருவி அந்தப் பேச்சையும் கேட்டுக்கொண்டிருந்தது. சொன்னால் அதுவும் தன் முடிவாகவே பதிவாகும். தன்னைத் தேர்ந்தெடுத்தவரும் தானாகவே இருப்பார்; அதையும் அரசு ஏற்காது.

“இதையாவது நீங்கள் யோசியுங்கள், சார்,” என்றார்.

பிறகு கைகளை மடியில் வைத்துக்கொண்டு, அந்த ஐந்து முகங்களையும் ஒவ்வொன்றாகப் பார்த்தபடி காத்திருந்தார்.