மூடி வைத்த வலது கால்

விரித்த துணி படிய வேண்டிய விதத்தில் படியவில்லை.

இத்தனை வருடமாக ஆபரேஷன் தியேட்டரில் துணி போர்த்துகிறவளுக்கு, அது உடம்பின் மேல் எப்படி இறங்கும் என்பது தூக்கத்தில் கேட்டாலும் தெரியும். முதலில் காற்றைப் பிடித்துக்கொண்டு கொஞ்சம் உப்பும், பிறகு பெருமூச்சு விட்டதுபோல அமுங்கும், அமுங்கியபின் கீழே இருப்பது வயிறா தொடையா முழங்காலா என்று அப்படியே காட்டிக்கொடுத்துவிடும். இன்றைக்கு வயிறு அமுங்கியது, தொடை அமுங்கியது. வலது பாதத்துப் பக்கம் மட்டும் துணி கொஞ்சம் யோசித்துவிட்டுத்தான் இறங்கியது. ஆவியில் வெந்து காய்ந்த துணி, விறைப்பாகத்தான் இருக்கும் என்று மனதுக்குள் சமாதானம் சொல்லிக்கொண்டு அவள் அடுத்த துணிக்குக் கை நீட்டினாள்.

மேஜையில் படுத்திருந்தது அவளுடைய தம்பி. பைக்கிலிருந்து விழுந்து, இடது முழங்காலுக்குக் கீழே எலும்பை இரண்டாக்கிக்கொண்டு வந்திருந்தான். அப்பா அம்மா போனபின் அவளுக்கென்று இருப்பது அவன் ஒருவன்தான். சொந்தக்காரருக்கு ஆபரேஷன் என்றால் உள்ளே நிற்கக் கூடாது என்பது அங்கே எழுதாத சட்டம். பெரிய டாக்டரின் பின்னாலேயே அலைந்து, கெஞ்சிக் கூத்தாடி அனுமதி வாங்கியிருந்தாள். "அக்காவா நின்னா வெளியே அனுப்பிடுவேன் சிஸ்டர். நர்ஸா நிக்க முடிஞ்சா நில்லுங்க" என்றார் அவர். நர்ஸாகத்தான் நிற்பேன் என்று வாக்குக் கொடுத்திருந்தாள்.

உடைந்த காலை மட்டும் வெளியே விட்டு மற்றதையெல்லாம் மூடியாயிற்று. மார்புக்கு மேலே துணியைத் தூக்கி இரண்டு கம்பிகளில் கட்டியதும் அது சுவர்போல நின்றது. தலை அந்தப் பக்கம், உடம்பு இந்தப் பக்கம். தலைப்பக்கம் உட்கார்ந்திருந்த மயக்க டாக்டர் இந்த வாரம்தான் வேலைக்குச் சேர்ந்தவர். ஆளைப் பார்க்காமல் மானிட்டரைப் பார்த்தே பேசும் அவருடைய பழக்கம் அவளுக்கு முதல் நாளே பிடிக்கவில்லை. தம்பியின் முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மரக்க வைத்திருந்தார். அவன் முழித்துக்கொண்டுதான் இருந்தான்.

"அக்கா, இவ்வளவு துணி எதுக்கு? ஜவுளிக்கடையா வச்சிருக்கீங்க?" என்றது சுவருக்கு அந்தப் பக்கத்துக் குரல்.

ரேடியோ சிரித்தாள். வெளிச் சாமான்களை எடுத்துக் கொடுக்கிற நர்ஸ் அவள். வாய் மூடவே மூடாது என்பதால் அந்தப் பெயர். பெரிய டாக்டர் கத்தியை வாங்கும்போதே மாமியாரின் புதுப் பல்செட்டைப் பற்றி ஆரம்பித்துவிட்டாள். யாரும் தடுக்கவில்லை; அவள் பேச்சு ஓடிக்கொண்டிருந்தால்தான் அந்த அறை அறையாக இருக்கும்.

ஸ்பிரிட் வாசனையோடு சதை கருகும் வாசனை கலந்தது. ட்ரில் எலும்பில் இறங்கியபோது, மதிய வெயில் எந்தப் பக்கம் அடிக்கிறது என்றுகூடத் தெரியாத அந்த ஜன்னலில்லாத அறையில் ஈரமான மாவு போன்ற ஒரு நெடி எழுந்து, முகமூடிக்குள் புகுந்து, தொண்டையில் உட்கார்ந்துகொண்டது. அது அவளுக்குப் பழகிய நெடிதான். ஆனால் இது தம்பியின் எலும்பு. அவள் கையுறைக் கைகளை மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள்.

"அக்கா, என் வலது காலை யாரோ பிடிச்சிருக்காங்க."

"அப்படித்தான் தோணும் தம்பி" என்றார் மயக்க டாக்டர், மானிட்டரிடம். "காலுக்கு உணர்வு இருக்காது. மூளை சும்மா கதை கட்டும்."

அது உண்மைதான். கால் அந்தரத்தில் தொங்குகிறது என்பார்கள், மடங்கி இருக்கிறது என்பார்கள். பிடித்திருக்கிறார்கள் என்று இதுவரை யாரும் அவளிடம் சொன்னதில்லை.

அவள் துணியைப் பார்த்தாள். வலது கணுக்கால் இருக்கும் இடம் லேசாக உயர்ந்தது. பிறகு இறங்கியது.

ஊசி சரியாகப் பிடிக்கவில்லை. அதுதான் முதலில் தோன்றியது. இந்த ஆள் அரைகுறையாகக் குத்திவிட்டு மழுப்புகிறார். "சார், வலது கால் அசையுது" என்றாள்.

பெரிய டாக்டர் தலை தூக்கவில்லை. "ஸ்பைனல் பிடிச்சிருக்கா?"

"தொப்புள் வரைக்கும் நல்லா பிடிச்சிருக்கு சார். கிள்ளிப் பார்த்துட்டேன்" என்றார் மயக்க டாக்டர்.

"சிஸ்டர், இப்போ நிக்கிறது யாரு? நர்ஸா, அக்காவா?"

அவள் அடுத்த கருவியை எடுத்து நீட்டினாள். துணியைத் தூக்கிப் பார்த்தால் ஒரு நொடியில் தெரிந்துவிடும். ஆனால் போர்த்திய துணியைத் தூக்கக் கூடாது. மேலே எல்லாம் சுத்தம், அடியில் எல்லாம் அசுத்தம். எலும்பு பிளந்து கிடக்கும்போது துணியை அசைத்தால் கிருமி போகும், சீழ் பிடிக்கும், கால் போகும். தம்பியின் கால்.

குனிந்து பார்க்க ஒருத்தியால் முடியும். ரேடியோவின் கையில் கையுறை இல்லை. கீழே தொங்கும் விளிம்பு சுத்தக் கணக்கில் சேராது; அதை அவள் தொடலாம். ரேடியோவுக்குக் கண்ணால் ஜாடை காட்டினாள். ரேடியோ பல்செட் கதையை நிறுத்தாமலே குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள், விளிம்பை விலக்கினாள், தலையை உள்ளே விட்டாள்.

கதை நின்றது.

வெளியே வர அவளுக்குக் கொஞ்சம் நேரம் ஆயிற்று. "என்ன?" என்று கேட்டதற்கு, "ஒண்ணும் இல்ல சிஸ்டர்" என்றாள். போய்ச் சுவரோரமாக நின்றுகொண்டாள்.

"என்ன, ரேடியோ நின்னுபோச்சு?" என்றார் பெரிய டாக்டர். தையல் நூல் கேட்டபோது, கால் பக்கம் நாலு எட்டில் வர வேண்டியவள், தலைப்பக்கமாக அறையையே சுற்றிக்கொண்டு வந்தாள். அவளுடைய கண்கள் எங்கேயும் நிற்கவில்லை. குறிப்பாகத் துணியில் நிற்கவில்லை.

துணிக்கு அடியில் ரேடியோ எதைப் பார்த்தாள்? ஏன் சொல்ல மறுக்கிறாள்? எல்லோரும் சேர்ந்து எதையாவது மறைக்கிறார்களா?

"அக்கா." குரல் இறங்கியிருந்தது. "இப்போ முட்டிக்கு வந்துடுச்சு."

துணி முழங்காலருகே புடைத்திருந்தது. ட்ரில் ஓடும்போது அசையாமல் இருந்தது. ட்ரில் நின்றதும் நகர்ந்தது. தொடைக்கு. அடியிலிருந்து ஏதோ முட்டியை ஊன்றி ஊன்றி ஏறுவதுபோல. அவசரமே இல்லாமல். எதிரே நின்ற பெரிய டாக்டர் தலைக்கு மேல் தொங்கிய விளக்கின் வெளிச்சத்தில், பிளந்த எலும்புக்குள்ளேயே கண்ணை வைத்திருந்தார்.

"ஸ்க்ரூ" என்றார். கொடுத்தாள்.

"அக்கா, தொப்புளுக்கு மேல ஏறுது. கனமா இருக்குக்கா. துணியை எடுக்கா."

மரத்த இடம் முடிந்து, உணர்வு தொடங்குகிற இடம். இனிமேல் மூளை கட்டும் கதை என்று சொல்ல முடியாது. அவளுக்கு அது தெரியும். யாரையும்விட நன்றாகத் தெரியும்.

"எடுக்கா. கால் போனாலும் போகட்டும். எடு."

உளறுகிறான். பயத்தில் உளறுகிறான். கத்தினால் அவளை வெளியே அனுப்பிவிடுவார்கள், அவன் இவர்களோடு தனியாகக் கிடப்பான். துணியைத் தூக்கினால் கால் போகும். இன்னும் ரெண்டே ஸ்க்ரூ. ரெண்டே ரெண்டு.

"கொஞ்சம் பொறுடா" என்றாள். நர்ஸின் குரலில். "முடிஞ்சிடும்."

துணிச் சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு முனகல். பிறகு மூச்சு. பிறகு அதுவும் கேட்கவில்லை. மானிட்டர் மட்டும் ஒரே சீராக அடித்துக்கொண்டிருந்தது. மார்பின் மேலே துணி ஒருமுறை உயர்ந்து, மெதுவாக, காற்றே இல்லாமல் அமுங்கியது. இப்போதுதான் அது படிய வேண்டிய விதத்தில் படிந்திருந்தது.

"தூங்கிட்டாரு" என்றார் மயக்க டாக்டர்.

"தூக்க ஊசி போட்டீங்களா?" என்றாள்.

"நான் எதுவும் போடல. அவராவே தூங்கிட்டாரு."

தையல் முடிந்தது. கட்டும் போட்டாயிற்று. பெரிய டாக்டர் கையுறையைக் கழற்றி வாளியில் எறிந்தார். "கடைசி வரைக்கும் நர்ஸாவே நின்னீங்க, சபாஷ். கால் பிழைச்சாச்சு. துணியை எடுங்க" என்று சொல்லிக்கொண்டே வெளியே போனார்.

ரேடியோ சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அக்காதான் விளிம்பைப் பிடித்தாள். உருவினாள்.

உள்ளே யாரும் இல்லை. வலது கால் நீட்டியபடி கிடந்தது. கணுக்காலைச் சுற்றி, சதையில், ஐந்து பள்ளம். வீங்கின காலை அழுத்தினால் விழுமே, அந்த மாதிரி. முழங்காலில் ஐந்து. தொடையில் ஐந்து. வயிற்றில், இரண்டு பக்கமும். மார்பில். கீழே இருந்தவை மறைந்துகொண்டு வந்தன. மேலே இருந்தவை ஆழமாக இருந்தன.

கம்பியிலிருந்து துணிச் சுவரை அவிழ்த்தாள்.

கழுத்தில் ஐந்து. கீழுதட்டில், நசுங்கி வெளுத்து, நான்கு.

"டேய்" என்றாள்.

தம்பி கண்ணைத் திறந்து அவளைப் பார்த்தான். கண் நிறையத் தண்ணீர். வாயைத் திறக்கவில்லை. திறக்க முடியாமல், மூக்கால் மூச்சு இழுத்து இழுத்து, அவளையே பார்த்தான். அவனுடைய கன்னம் உள்ளேயிருந்து மெல்ல உப்பியது. தோலுக்கு அடியில் ஒரு விரல் நுனி தெரிந்தது. பக்கத்தில் இன்னொன்று. மூன்றாவதும் வந்தது. அவை வழி தேடுவதுபோலக் கன்னத்தைத் தடவிக்கொண்டே, மறுபடி உள்ளே, தொண்டைப் பக்கமாக இறங்கின.