துப்பாத பெயர்

தீசன் துப்பவில்லை.

அதற்கு முன்பு வந்த பெயர்களுக்கெல்லாம் துப்பியிருந்தார். காதில் மாட்டிய கருவியில் ஒரு பெயர் ஒலிக்கும்; கண்ணை மூடுவார்; கன்னங்கள் உள்ளே குழிய நாக்கு வாய்க்குள் ஒரு சுற்றுச் சுற்றும்; அந்தப் பெயர் நாக்கில் என்ன ருசியாக வருகிறது என்று சொல்லிவிட்டு, ஊறிய எச்சிலைக் காகிதக் கோப்பையில் துப்புவார். பால் தொழிற்சாலையில் வெண்ணெய்க்குத் தரம் பார்த்தே வயதானவர். நாளெல்லாம் விழுங்கிக்கொண்டிருந்தால் நாக்கு மங்கிவிடும் என்று அந்த வேலையில் எல்லாரும் துப்புவார்கள். ஆனால் "ஓரெஸ்ட்" என்ற பெயர் வந்தபோது மட்டும் கோப்பை அவர் மடியிலேயே இருந்தது. கழுத்தில் தொங்கிய சதைக்குள் ஏதோ மேலேறி, சற்று நின்று, மெல்ல இறங்கியது.

சோதனை அறைக் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த ஆய்வாளர் லாரிசா அதைக் கவனித்தாள். ஓரெஸ்ட் அவள் மகனின் பெயர். அவனுக்கு ஆறு வயது.

போன வருடம் சோதனைக்கு நாற்பது பெயர்கள் தேவைப்பட்டன. ஒன்று குறைந்தது. வாயில் வந்ததைச் சேர்த்து, எல்லாவற்றையும் தன் குரலிலேயே பதிவு செய்துவிட்டாள்.

"உன் பையன் பேரையே போட்டுட்டியா? சோம்பேறி!" என்று அன்றே சிரித்தவள் பிரெண்டா, ஆய்வகத்தின் தலைவி. இப்போதும் அவள் திரையைப் பார்த்துப் பூரித்துக்கொண்டிருந்தாள். "உப்புப் போடாத புது வெண்ணெய், இளஞ்சூடு. போன வருஷம் சொன்ன அதே வார்த்தை! இந்த ஆளு பொய்யர்னா நான் என் பேரை மாத்திக்கறேன்."

"அவர் முழுங்கினார். பார்த்தீங்களா?"

"எச்சில் முழுங்கறதுக்கும் உன்கிட்ட அனுமதி வாங்கணுமா?"

அவர்களுடைய தொழிலில் நம்பிக்கைக்கு இருந்த ஒரே பிடி இந்த இரண்டாம் முறைக் கேள்விதான். எழுத்தும் இசையும் தனக்கு நிறங்களாகத் தெரிவதை ஒரு ஜெர்மன் மருத்துவர் இருநூறு ஆண்டுகளுக்கு முன் எழுதிவைத்தார். அதன்பின், கேட்பதை நிறமாகவோ ருசியாகவோ உணரும் இப்படிப் புலன்கள் கலந்தவர்களை ஒரு தலைமுறை வியந்து பார்த்தது, அடுத்த தலைமுறை கற்பனைக்காரர்கள் என்று ஒதுக்கியது. கடைசியில் கிடைத்த வழி எளிமையானது. சொல்லாமல் கொள்ளாமல் நெடுநாள் கழித்து மறுபடி கேட்க வேண்டும். புளுகியவர் மறந்திருப்பார். புலன் கலந்தவருக்கு ருசி மாறாது.

தீசனுக்கு மாறவில்லை.

கருவியைக் கழற்ற லாரிசா அறைக்குள் போனாள். ஒலி புகாத சிறிய அறை. காற்றுப் போக வழியில்லாமல் புளித்த பாலும் புதினா மிட்டாயும் பல்செட்டுப் பசையும் ஒன்றாக வெந்ததுபோல் ஒரு வாடை. கோப்பையில் முப்பத்தொன்பது பெயர்களின் எச்சில் நுரை கட்டி, ஓரத்தில் மஞ்சளாகக் காய்ந்துகொண்டிருந்தது. அதை எடுக்கும்போது வெதுவெதுப்பு விரலில் ஏறியது.

"ஒரு பேருக்கு மட்டும் நீங்க துப்பலை, மிஸ்டர் தீசன்."

"கவனிச்சுட்டீங்களா?" அவர் வெட்கப்பட்டவர்போலச் சிரித்தார். மேல்வரிசைப் பற்கள் லேசாக நழுவி மீண்டும் பொருந்தின. "மத்த பேரையெல்லாம் நீங்க வாசிச்சிருக்கீங்க டாக்டர். அதை மட்டும் கூப்பிட்டிருக்கீங்க."

அவள் அவர் காதிலிருந்து கருவியைக் கழற்றினாள்.

"அதான் வித்தியாசம். வாசிச்ச பேருக்கு ருசி நாக்கோட சரி. இது அப்படியில்ல. வீட்டுக்குப் போய் நீங்க கூப்பிட்ட மாதிரியே நானும் கூப்பிட்டுப் பார்த்தேன். வந்துச்சு."

"எது வந்துச்சு?"

"ருசிதான். வேற என்ன?" அவர் உதட்டின் ஓரத்தை நாக்கு நனைத்துவிட்டு உள்ளே போனது. வயதுக்குப் பொருந்தாத நாக்கு. அகலமாக, சிவப்பாக, பளபளப்பாக இருந்தது. "முதல்ல துப்பத்தான் துப்பினேன். அப்புறம் வீணாக்க மனசு வரலை. காலையில கொஞ்சம், சாயங்காலம் கொஞ்சம். போன குளிர்காலத்துல நல்ல திக்கா இருந்துச்சு. இப்ப கரைஞ்சுபோச்சு."

குரலைத் தாழ்த்தினார்.

"அடியில எலும்பு தட்டுது."

போன குளிர்காலத்தில்தான் ஓரெஸ்டுக்குத் தோல் நமைக்கத் தொடங்கியது. முதலில் வாயைச் சுற்றி. குளிரில் குழந்தைகள் உதட்டை நக்கிக்கொண்டே இருப்பார்கள், அதனால் வருவது என்று மருத்துவர் களிம்பு கொடுத்தார். பிறகு தாடைக்கடியில். பிறகு காதுக்குப் பின்னால். பிறகு பிடரியில், நெடுநேரம் தண்ணீரில் கிடந்த விரல்போல வெளுத்து, சுருங்கி, கிள்ளினால் உரிந்துவரும் தோல். பிடரியை யார் நக்கிக்கொள்ள முடியும்? அவள் கேட்டதில்லை. களிம்பைத் தடவினாள். பையன் மெலிந்துகொண்டே போனான். வளர்கிற வயசு என்றார்கள்.

"இனிமே அந்தப் பேரைச் சொல்லாதீங்க," என்றாள் லாரிசா.

"சொல்லலை. நீங்க சொன்னா சரி." தீசன் நல்ல மனிதராகத் தலையாட்டினார். பிறகு கண்ணை மூடினார். "ஆனா நினைச்சாலே ஊறுதே டாக்டர்."

கன்னங்கள் உள்ளே குழிந்தன.

கோப்பை அவள் கையிலிருந்து விழுந்தது. காலணி மேல், காலுறை மேல், வெதுவெதுப்பாக. துடைக்க நிற்கவில்லை. பிரெண்டா பின்னாலிருந்து, "ஏய், கோட்டைப் போட்டுட்டுப் போடி, வெளியே மைனஸ் முப்பது டிகிரி!" என்று கத்தியது கதவு மூடியதும் அறுந்தது.

கனடாவின் சாஸ்கட்டூன் நகரில் ஐந்து மணிக்கே இருட்டியிருந்தது. உறைந்த ஆற்றின் மேல் பாலத்தைக் கடக்கும்போது வண்டிக் கண்ணாடியின் உட்புறத்தில் அவள் மூச்சு படிந்து வழிந்தது. நாலாபக்கமும் ஈரம். அவள் மகனின் பெயரை நினைக்காமலிருக்க முயன்றாள். கடைப் பலகைகளைப் படித்தாள். எண்களைச் சொன்னாள். பெயர் வந்தது. ஒவ்வொரு முறையும் வந்தது. அவளுடைய குரலிலேயே வந்தது.

வீட்டில் வெங்காயம் வதங்கும் வாசனை. அடுப்பில் உருளைக்கிழங்கு அடைத்த பெரோகிக் கொழுக்கட்டைகள் கொதித்துக்கொண்டிருந்தன. கணவன் டாரில் கரண்டியோடு திரும்பினான். "கோட்டு எங்கே? ஓரெஸ்ட், உங்கம்மா கோலத்தைப் பாரு!"

"பேரைச் சொல்லாதே!"

"ஏன், பேருக்கும் வரி போட்டுட்டாங்களா?" என்று சிரிக்கப்போனவன் அவள் முகத்தைப் பார்த்து நிறுத்தினான். "என்ன ஆச்சு?"

பையன் மேசையில் இருந்தான். தட்டு தொடப்படவில்லை. சட்டைக் காலர் நனைந்து கழுத்தோடு ஒட்டியிருந்தது. அவனருகே போனபோது அந்த வாடை வந்தது.

புளித்த பால். புதினா.

லாரிசா கைத்துண்டால் அவன் கழுத்தைத் துடைத்தாள். துணி வழுக்கியது. நூல் நூலாக இழுபட்டது. மறுபடி துடைத்தாள். தோலும் கொஞ்சம் கூடவே வந்தது.

"துடைக்காதம்மா," என்றான் பையன், சலிப்போடு. "துடைச்சா மறுபடி முதல்லேர்ந்து வரும்."

அவள் கை நின்றது.

அவன் இடது கன்னம் காய்ந்திருந்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே தாடையோரம் தோல் அமுங்கியது. அகலமாக. மெதுவாக. அமுங்கிய பள்ளம் மேலேறியது, பின்னால் பளபளவென்று ஒரு தடத்தை விட்டபடி. கன்னத்தின் மெல்லிய சதை அதற்கு முன்னே சுருண்டு ஒதுங்கியது. கண்ணை எட்டியதும் இமை மயிர்கள் ஒரே பக்கமாகப் படிந்து ஒட்டிக்கொண்டன. டாரிலின் கையிலிருந்து கரண்டி விழுந்தது.

ஓரெஸ்ட் அழவில்லை. பழக்கப்பட்டவன்போல் மறு கண்ணையும் மூடினான். பிறகு, அதற்கு எட்டுவதற்கு வசதியாக, முகவாயை மேலே தூக்கிக் கழுத்தைக் கொடுத்தான்.