முன்னால் போகும் முதுகு

ஆண்டோ இன்றைக்கு நொண்டவில்லை.

அதைப் பார்த்ததும் ஸ்டெஃபிக்கு வந்தது எரிச்சல்தான். நேற்று சாயங்காலம் இடது குதிகாலில் கொப்புளம் உடைந்து, அடிக்கு அடி முனகி, ஒரு கட்டையை ஊன்றிக்கொண்டு வந்தவன். புருஷனோடு பேசுவதில்லை என்று வைராக்கியமாக இருந்தும், நர்ஸின் கை சும்மா இருக்குமா, புண்ணைத் துடைத்துப் பிளாஸ்திரி ஒட்டிவிட்டிருந்தாள். இன்று அதே ஆள், கட்டை இல்லாமல், முதுகில் ஆரஞ்சு நிறப் பையைச் சுமந்துகொண்டு, கல்லும் வேருமாகக் கிடந்த ஏற்றத்தில் தார் ரோட்டில் போகிறவனைப் போலப் போய்க்கொண்டிருந்தான். அப்படியென்றால் நேற்றைய முனகலும் நடிப்பு.

'நல்லா நடி' என்று பல்லைக் கடித்துக்கொண்டு அவள் பின்னால் ஏறினாள்.

பாப்பிரெட்டிப்பட்டியில் பஸ்ஸை விட்டு இறங்கி, சித்தேரி மலையின் முகடுகள் வழியாக ஒரு வாரம் நடந்து, அரூர் பக்கம் இறங்குவது என்பது அவன் போட்ட திட்டம். மனசு லேசாகும் வா என்று அவன்தான் கூப்பிட்டான். அயர்லாந்தில் ஒரு ஆஸ்பத்திரி வேலைக்கு நேர்காணல் முடித்துவிட்டு, அங்கிருந்து வரவேண்டிய போனுக்காகக் காத்துக் காத்து அவள் ஓய்ந்துபோயிருந்த சமயம். அந்தப் போன் எப்போதோ வந்துவிட்டது என்பதை முந்தாநாள், அடுப்பில் நூடுல்ஸைக் கிண்டிக்கொண்டே அவன் சொன்னான்.

“நீ குளிச்சிட்டு இருந்த. நான்தான் எடுத்தன். வர்ற மாதிரி இல்லீங்கன்னு சொல்லிட்டன்.”

“என்ன சொன்னீங்க?”

“அவ்ளோ தூரம் போயி தனியா கஷ்டப்படுவ. உனக்காகத்தான் சொன்னன். வூட்லயும் எல்லாருக்கும் அதான் சரின்னு பட்டுது.”

கரண்டி நிற்கவே இல்லை. ராத்திரி ட்யூட்டி பார்த்துவிட்டு வந்து, கண் எரிய எரிய உட்கார்ந்து ஆங்கிலப் பரீட்சைக்குப் படித்ததெல்லாம் அந்தச் சட்டியில் வெந்துகொண்டிருப்பது போல அவளுக்குத் தோன்றியது. அவன் நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்க்கக்கூட இல்லை. உப்பு போதுமா என்று கேட்டான்.

அதிலிருந்து பேச்சில்லை. அவள் கூடாரத்துக்குள், அவன் வெளியே பாறையடியில் தார்ப்பாய் போட்டு. இன்று காலையில் அவள் கூடாரத்தை மடித்துக் கட்டிவிட்டு நிமிர்ந்தபோது பாறையடியில் தார்ப்பாயும் இல்லை, ஆளும் இல்லை. மேலே, மூடுபனிக்குள், ஆரஞ்சுப் பை மட்டும் ஏறிப் போய்க்கொண்டிருந்தது. ஒரு வார்த்தை சொல்லவில்லை. காத்திருக்கவும் இல்லை. சரி, போ. நானும் கூப்பிடப்போவதில்லை.

மழைக்காலம் முடியும் தறுவாயில் இந்த மலையில் வெளிச்சமே ஈரமாக இருக்கும். உண்ணிச்செடிப் புதர்களின் காரமான வாடையும், அழுகும் தேக்கிலைகளின் புளித்த வாடையும், எங்கோ கண்ணுக்குத் தெரியாத தூரத்தில் மேயும் மாடுகளின் மணிச்சத்தமும் பனியோடு சேர்ந்து வந்து உடம்பில் ஒட்டிக்கொண்டன. அவன் பையின் பக்கவாட்டில் கட்டியிருந்த எவர்சில்வர் டம்ளர் ஒவ்வொரு அடிக்கும் ஆடியது. இத்தனை நாளாக அதன் டிங் டிங் சத்தம் அவளுடைய தலைக்குள் ஆணி அடித்துக்கொண்டிருந்தது. இன்று டம்ளர் ஆடுவது கண்ணுக்குத் தெரிந்தது, சத்தம்தான் வரவில்லை. தூரம் அதிகம் என்று நினைத்துக்கொண்டாள். வேகமாக நடந்தாள். தூரம் குறையவில்லை. மூச்சு வாங்க நின்றாள். அவனும் நின்றான். இவள் நடந்தால் அவனும் நடந்தான். திரும்பிப் பார்க்காமலே எப்படித் தெரிகிறது இவனுக்கு? கேலி செய்கிறானா?

உச்சிப்பொழுதில், சாமைக்காட்டு ஓரத்தில் ஒற்றையாக நின்ற ஒரு வீட்டின் முன்னால் பெண் ஒருத்தி விறகு உடைத்துக்கொண்டிருந்தாள். ஸ்டெஃபியைப் பார்த்ததும் அரிவாளைக் கீழே வைத்துவிட்டு, சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். பெயர் மாதம்மாள் என்றாள். பிறகு, பாதையில் சற்று மேலே நின்றிருந்தவனைப் பார்த்துக் குரல் கொடுத்தாள்.

“ஏனுங்க, நீங்களும் வந்து ஒரு வாய் குடிச்சிட்டுப் போங்க!”

அவன் அசையவில்லை.

“காது கேக்காதுங்களா அவருக்கு?”

“கேக்கும்” என்றாள் ஸ்டெஃபி. “கேக்காத மாதிரி நிப்பாரு. எங்கிட்டயும் அப்படித்தான்.”

மாதம்மாள் சிரித்தாள். அதற்குள் அவளுடைய செவலை நாய் குரைத்துக்கொண்டே பாதையில் பாய்ந்து ஓடியது. அவன் கால்களைச் சுற்றிக்கொண்டு முன்பக்கம் போனது.

குரைப்பு அறுந்து நின்றது.

நாய் மெதுவாகப் பின்வாங்கி வந்தது. வாலைக் காலிடுக்கில் சொருகிக்கொண்டு, வயிறு தரையில் உரச, அவர்கள் இருவரையும் தாண்டி வீட்டுக்குள் போய் மூலையில் ஒடுங்கிக்கொண்டது. மாதம்மாளின் சிரிப்பு போய்விட்டது.

“சிறுத்தைக்கே நிக்கிற நாயி இது” என்றாள். பிறகு, குரலைத் தாழ்த்தி, “நீங்க இங்கியே இருந்துருங்கம்மா. மேய்க்கப் போன ஆளுங்க வந்தாங்கன்னா கூட்டிட்டுப் போயி கீழ விடுவாங்க” என்றாள்.

ஸ்டெஃபி யோசிக்கத்தான் செய்தாள். ஆனால் அங்கே நின்ற அந்த முதுகு, விறைப்பாக, எதற்கும் அசைந்துகொடுக்காமல், நீ வந்தாலும் ஒன்றுதான் வராவிட்டாலும் ஒன்றுதான் என்பதுபோல நின்ற அந்த முதுகு, அவளுடைய ரத்தத்தைக் கொதிக்க வைத்தது. இன்றைக்குக் கேட்டுவிட வேண்டும். என் வாழ்க்கைக்கு நீ யார் பதில் சொல்ல? முகத்துக்கு நேராக நின்று கேட்க வேண்டும். சொம்பைத் திருப்பிக் கொடுத்துவிட்டு நடந்தாள்.

மரங்கள் முடிந்தன. முகட்டின் மேல் இடுப்பளவுப் புல் மட்டும். காற்று இல்லை. மாட்டுமணி எப்போது நின்றது என்று அவளுக்குத் தெரியவில்லை. தன் மூச்சும், புல் கால்சட்டையில் உரசும் சத்தமும்தான் இருந்தன. அவன் நடந்த இடத்தில் புல் மடங்கியிருக்கவில்லை. அதையும் பார்த்தாள். பார்த்துவிட்டு, பார்க்காததுபோல நடந்தாள். கோபம் மட்டும்தான் அவளைத் தள்ளிக்கொண்டு போனது.

“ஆண்டோ!” என்று கத்தினாள்.

அவன் நின்றான். திரும்பவில்லை.

அப்போது சட்டைப்பையில் போன் அடித்தது. முகட்டில் டவர் கிடைத்திருந்தது. எடுத்துப் பார்த்தாள்.

ஆண்டோ.

முன்னால் நின்றவனின் கைகள் இரண்டும் பக்கவாட்டில் தொங்கிக்கொண்டிருந்தன. வெறுங்கைகள்.

காதில் வைத்தாள்.

“எவ்ளோ தடவ போடறது? எடுக்க மாட்டியா?” மூச்சிரைப்பு. குதிகாலை இழுத்து இழுத்து வைக்கும் சத்தம். கூடவே, டிங். டிங். “நான் பையோட ஓடைக்குப் போயி மூஞ்சி கழுவிட்டு வர்றதுக்குள்ள நீ பாட்டுக்கு நடையைக் கட்டிட்ட. காலையில இருந்து கத்திட்டே வர்றன், திரும்பிப் பாக்கறியா நீ?”

“நீங்க... எங்க இருக்கீங்க?”

“எங்கயா? உன் பின்னாலதான். இதோ தெரியுது உன் சிவப்புப் பை. பாறை மேல ஏறிட்டிருக்க.”

அவள் திரும்பிப் பார்த்தாள். பின்னால் வந்த வழி நெடுகப் புல். யாரும் இல்லை. எந்தப் பக்கமும் ஒரு பாறைகூட இல்லை.

“நான் பாறையில இல்லைங்க. புல்லுல நிக்கறன். எனக்கு முன்னால நீங்க நிக்கறீங்க.”

“உளறாத. கோவத்துல என்ன பேசறோம்னு தெரியாம பேசற.”

“ஆண்டோ, அது நான் இல்ல. சொல்றதக் கேளுங்க. கிட்டப் போகாதீங்க.”

“போன்ல எதுக்குப் பேசிக்கிட்டு? இதோ நின்னுட்ட பாரு. அதுதான் நல்ல புள்ளைக்கு அழகு. இரு, வந்துட்டன்.”

“போகாதீங்கன்னு சொல்றன்ல!”

“எல்லாம் உன் நல்லதுக்குத்தான் சொன்னன், அத...”

“ஒரு தடவை! ஒரே ஒரு தடவை நான் சொல்றதக் கேளுடா! தொடாத! அதத் தொடாத!”

அவனை அவள் அப்படிக் கூப்பிட்டதே இல்லை. மலைமுகடு முழுக்க அந்தக் குரல் போய்வந்தது. போனுக்குள் அவன் சிரித்தான். இரண்டு நாளாக வீம்பு பிடித்த மனைவி ஒருவழியாக நின்றுவிட்டாள் என்ற நிம்மதிச் சிரிப்பு.

“கோவத்தப் பாரு. இந்தா, தொட்டுட்டன், என்ன பண்ணுவ? ஏய், திரும்பு...”

டம்ளர் சத்தம் நின்றது.

“ஸ்டெஃபி?”

சின்னக் குரல். அவனுடையதுதான். ஆனால் அந்தக் கேள்வி அவளிடம் கேட்கப்பட்டதல்ல.

பிறகு டம்ளர் விழுந்தது. பாறை பாறையாக மோதி, உருண்டு, கீழே, இன்னும் கீழே, வெகுநேரம் போய்க்கொண்டே இருந்தது. அதற்கப்புறம் போனில் எதுவும் இல்லை. துண்டிக்கப்படவும் இல்லை. யாரோ காதில் வைத்துக் கேட்டுக்கொண்டிருப்பதுபோல.

“ஆண்டோ...”



முன்னால், புல்லில், ஆரஞ்சுப் பை அசைந்தது.

திரும்பியது.

காலையிலிருந்து அவள் மனசுக்குள் கேட்டதும் அதுதான். முகத்தைக் காட்டு என்று கேட்டாள். தோள் திரும்பியது. இடுப்பு திரும்பியது. மெதுவாக. முழுசாக.

அந்தப் பக்கமும் பை இருந்தது. அதே ஆரஞ்சு நிறம். அதற்கு மேலே பின்னங்கழுத்து, வெயிலில் கறுத்த பிடரி, பின்மண்டை முடி.

முகம் இருக்க வேண்டிய இடத்திலும் முதுகுதான்.

அவள் பின்னால் ஓர் அடி வைத்தாள். அது இம்முறை நிற்கவில்லை. புல் மடங்கவில்லை. டம்ளர் ஆடியது, சத்தமே இல்லாமல்.

முதுகைக் காட்டிக்கொண்டே, அது அவளை நோக்கி நடந்து வந்தது.