நாத்தனார் முடிச்சு

மூன்று நாளாகியும் அந்த மஞ்சள் காயவில்லை.

சந்தனமாரி சுண்டுவிரல் நுனியால் தொட்டுப் பார்த்தாள். படத்து மணப்பெண்ணின் கழுத்தில் திங்கட்கிழமை அவளே வரைந்த தாலிக்கயிறு, விரலோடு ஒட்டிக்கொண்டு வந்தது. முகர்ந்தால் சாய வாடையே இல்லை. இப்போதுதான் அம்மியிலிருந்து வழித்த பச்சை மஞ்சளின் வாடை, கல்யாண வீட்டுப் பின்கட்டில் வீசுமே, அது. அவள் கலந்தது கடையில் வாங்கிய டியூப் சாயம். அதற்குள் மஞ்சள் கிழங்குக்கு என்ன வேலை?

கொச்சியில், யூதர்கள் வாழ்ந்த ஜூ டவுனில், ஒரு சுக்குக் கிடங்கின் மேல்மாடியில் இருந்தது அந்தப் பட்டறை. கீழே விஸ்வநாத்தின் பழம்பொருள் கடை. மத்தியானம் மூன்று மணிதான் என்றாலும் ஜூன் மழை ஓடுகளின் மேல் விடாமல் கொட்டி வெளிச்சத்தையெல்லாம் விழுங்கிவிட்டிருந்தது. டியூப் லைட் எரிந்தும் மூலைகள் இருட்டாகவே கிடந்தன. ஈரச் சுக்கின் காரம் பலகை இடுக்குகள் வழியே ஏறி வந்து தொண்டையில் உட்கார்ந்தது. பதினைந்து வருடமாக அந்தக் காரத்தில்தான் அவள் பிழைப்பு. பழைய படங்களின் அழுக்கை எடுப்பாள், உதிர்ந்த இடங்களில் சாயம் தொட்டு நிரப்புவாள். அவள் கை பட்ட இடத்தைப் பூதக்கண்ணாடி வைத்துத் தேடினாலும் கண்டுபிடிக்க முடியாது என்று விஸ்வநாத் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் பீற்றிக்கொள்வார்.

அவர் வேட்டியைத் தூக்கிப் பிடித்தபடி மேலே வந்தார். பாலக்காட்டுத் தமிழர், மூன்று தலைமுறையாகக் கொச்சிவாசி.

"காயல்லையா? மழைக்காலமோன்னோ. என் வேஷ்டியே நாலு நாளாக் காயல்லை. நாளைக்குக் காலம்பற இந்தப் படத்தை வாங்கின ஹோட்டல்காரா வண்டி அனுப்புவா. இன்னிக்கே தீர்த்துடு, கேட்டயா."

தலையாட்டினாள். அவர் படத்தை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "நல்ல ஐச்வர்யமான படம்" என்றார். படத்தை நன்றாகப் பார்க்காதவர்கள் எல்லோரும் அப்படித்தான் சொல்வார்கள்.

ஆள் உயரப் பலகை. நெடுவயல் அரண்மனை, சேந்தன்கோட்டை அரண்மனை என்று தெற்கே இரண்டு பாளையங்கள். பத்துத் தலைமுறையாக வெளியில் பெண் எடுக்கவுமில்லை, கொடுக்கவுமில்லை. நிலமும் நகையும் வெளியே போகக் கூடாது என்று அக்காள் மகளைத் தம்பிக்கும், அத்தை மகனுக்கு மாமன் மகளையும் மாற்றி மாற்றிக் கட்டிவைத்தார்கள். அந்தப் பத்துக் கல்யாணங்களையும் ஒரே வரிசையில் வரைந்து வைத்திருந்தான் ஒரு மகராசன். முதல் ஜோடிக்கு ஆளுக்கொரு முகம். மூன்றாவதில் தாடை கொஞ்சம் நீண்டிருந்தது. ஆறாவதில் கீழுதடு தொங்கியது. ஒன்பதாவதில் மாப்பிள்ளைக்கும் பெண்ணுக்கும் ஒரே முகம். மீசையை எடுத்துவிட்டால் யார் யாரென்று தெரியாது. ஓவியன் கேலி செய்யவில்லை, கண்டதை வரைந்திருந்தான்.

அழுக்கு எடுக்க எடுக்க வேறு சிலவும் வெளியே வந்தன. மாப்பிள்ளைகள் பெண்களின் கையைப் பிடித்திருப்பதாகத்தான் முதலில் தெரிந்தது. அது கைப்பிடி இல்லை, முறுக்கு. ஒவ்வொரு மணிக்கட்டும் போகக் கூடாத பக்கம் திரும்பியிருந்தது. நகம் பதிந்த இடத்தில் கடுகளவு சிவப்பு. ஆசனங்களுக்குக் கீழே வரிசையாக இருந்த வெள்ளைத் தலையணைகள், பஞ்சுக் குச்சியால் இரண்டு முறை துடைத்ததும், துணி சுற்றிய பிஞ்சுப் பிள்ளைகளாக மாறின. எல்லாம் கண் மூடிக் கிடந்தன. எட்டாவது ஆசனத்துக்குக் கீழே மட்டும் ஐந்து.

அன்றைக்குச் சந்தனமாரி சாப்பிடவில்லை. அவளுடைய இடது மணிக்கட்டும் கோணல்தான். பதினேழு வயதில் தாய்மாமன் தங்கதுரைக்கு அவளைக் கட்டிவைத்தார்கள். குழம்பில் உப்பு குறைந்த ஒரு நாள் அவன் அதைத் திருகி உடைத்தான். முதல் இரண்டு பிள்ளைகள் வாய் திறக்க முடியாத தாடையோடு பிறந்து ஒரு வாரம் கூடத் தாங்கவில்லை. மூன்றாவதாக ஸ்நேஹா முழுசாகப் பிறந்தாள். அந்தப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு சங்கரன்கோவிலில் பஸ் ஏறியவள்தான், திரும்பிப் பார்க்கவில்லை. ஸ்நேஹாவுக்கு இப்போது இருபது. ஃபோர்ட் கொச்சியில் ஒரு ஹோட்டல் வரவேற்பில் வேலை.

இப்போது தம்பி இசக்கிராஜா கேட்கிறான், அக்காள் மகள் எனக்குத்தான் என்று. திங்கட்கிழமை மத்தியானமும் ஃபோனில் கேட்டான். என் உடம்பில் உயிர் இருக்கும்வரை நடக்காது என்று கத்திவிட்டு, அதே சூட்டோடு தூரிகையை எடுத்தவள் அவள். பட்டறையில் ஒரே ஒரு சட்டம் உண்டு: வெற்றிடத்தைத் தொடும் முன்பு அது உதிர்ந்ததா, வேண்டுமென்றே விட்டதா என்று பார்க்க வேண்டும். பத்தாவது பெண்ணின் கழுத்தில் வெற்றிடம் இருந்தது. அதில் மெல்லிய கீறல்கள் குறுக்கும் நெடுக்குமாக ஓடின. யாரோ கத்தி வைத்துச் சுரண்டிய தடம். பார்த்தாள். ஏதோ கைப்பழக்கம் இல்லாதவன் சுத்தம் செய்த லட்சணம் என்று நினைத்துக்கொண்டாள். கோபத்தில் இருந்த கை வேகமாக ஓடியது. மஞ்சள் கயிற்றை இழுத்து, பிடரியோரம் தெரியும்படி மூன்று முடிச்சும் போட்டு முடித்தாள்.

"பத்தாவதுக்கு மட்டும் மாப்பிள்ளைய காணோமே" என்றாள் இப்போது, சும்மா கேட்பது போல.

"அதுவா. கூட வந்த கடுதாசில எழுதியிருக்கே." விஸ்வநாத் கண்ணாடியைத் துடைத்தார். "ராஜாவுக்கு வர ஒழியல்லைன்னா தன்னோட கட்டாரியை அனுப்பிச்சுடுவாராம். அதைத்தான் மெத்தைமேல வச்சு வரைஞ்சிருக்கு. கட்டாரிதான் மாப்பிள்ளை. கத்தி தாலி கட்டுமோ? அதனால ராஜாவோட அக்கா, பொண்ணுக்கு நாத்தனார், அவதான் மூணு முடிச்சும் போடணும். பொண்ணுக்குப் பின்னால சுவரைப் பாத்துண்டு நிக்கறாளே, அவ."

"அவ பொண்ணோட அம்மால்லா?"

"அக்கா மகளைத் தம்பி கட்டினா, அம்மையும் நாத்தனாரும் ஒராள்தானே." அவர் சிரித்தார். "சரி, நான் தோப்பும்படி வரைக்கும் போய்ட்டு வரேன். கீழ பூட்டிண்டு போறேன், உன் கையில சாவி இருக்கோன்னோ."

படிகளில் அவர் செருப்புச் சத்தம் இறங்கிக் கரைந்தது. ஷட்டர் விழுந்தது. மழை மட்டும் மிச்சம். சந்தனமாரி சுண்டுவிரலில் ஒட்டியிருந்த மஞ்சளைப் பார்த்தாள். ஸ்நேஹாவின் அம்மா யார்? அவள். இசக்கிராஜாவின் அக்காள் யார்? அவளேதான். கேட்கிறவன் கேட்டுக்கொண்டிருந்த அதே மத்தியானத்தில், முடிச்சுப் போட வேண்டியவளின் கை முடிச்சுப் போட்டிருக்கிறது.

போடி பைத்தியமே, படம்தானே என்று தன்னைத் தானே திட்டிக்கொண்டாள். அப்போதுதான் காலையில் நடந்தது நினைவுக்கு வந்தது. கண்ணாடி முன் நின்று ஸ்நேஹா கழுத்தைச் சொறிந்துகொண்டிருந்தாள். சுற்றிலும் மெல்லிசாக ஒரு சிவப்புக் கோடு. ரெண்டு மூணு நாளாவே சொறியுது அம்மா என்றாள். ஹோட்டலில் தரும் அடையாள அட்டையின் கயிறு உரசியிருக்கும் என்று இவள் பவுடர் போட்டு அனுப்பினாள். இன்றைக்கு மகளுக்கு அரைநாள் வேலைதான். இந்நேரம் சுள்ளிக்கல் வீட்டில் இருப்பாள்.

ஃபோன் அடித்தது.

"அம்மா, மாமா வந்திருக்காங்க." ஸ்நேஹா ரகசியம் பேசுவது போலப் பேசினாள். "சாயா போட்டுக் குடுத்தேன், குடிக்கல. மஞ்சத் துணியில ஒரு பொதி வச்சிருக்காங்க. வெளிய போகப் பாத்தேன், முகத்துல அடிச்சிட்டாங்க. கதவ அடச்சாச்சு."

"பொதியில என்னட்டி?"

"கத்தி. பழசு. எனக்குப் பேடியாவுது அம்மா, பயமா இருக்கு."

ஏதோ உருண்டு விழும் சத்தம். ஃபோன் கை மாறியது. இசக்கிராஜாவின் மூச்சு கேட்டது.

"யக்கா."

"எம் புள்ளய விட்டுட்டு வெளிய போடா. நான் போலீஸக் கூப்பிடுவேன்."

"நீதானக்கா வரச் சொன்ன." அவன் குரலில் மிடுக்கு இல்லை, ஜுரக்காரன் குரல். "மூணு நாளாக் கனா. நீ சுவரப் பாத்துக்கிட்டு நிக்க. நான் முடிச்சுப் போட்டுட்டேம்லா, கட்டாரிய எடுத்துட்டு வாடான்னு சொல்லுத. எங்க போயி எடுக்கன்னு கேட்டேன். பஸ்ல கண்ணு முழிச்சா மடியில கெடக்கு. கைய விட்டுப் போவ மாட்டேங்குக்கா."

சந்தனமாரி திரும்பிப் படத்தைப் பார்த்தாள். நேற்றுவரை கட்டாரி கிடந்த மெத்தை காலி. சிவப்புப் பட்டில் ஒரு பள்ளம் மட்டும் இருந்தது, கட்டாரி அளவுக்கு.

சாவிக்கொத்தைப் பிடுங்கிக்கொண்டு படிக்கட்டுக்கு ஓடினாள். இரண்டு படி இறங்கியிருப்பாள். ஃபோனுக்குள் மகள் இருமினாள். இருமல் விக்கலானது. விக்கல் இழுப்பானது.

"அம்மா... கழுத்து... இறுக்குது..."

இந்த மழையில் ஆட்டோ கிடைத்து சுள்ளிக்கல் போய்ச் சேர அரைமணி ஆகும். அந்த இழுப்பு அரைமணி தாங்காது. அவளுக்கு அது தெரிந்தது. இரண்டு பிள்ளைகளை அப்படிப் பார்த்தவள் அவள்.

மேலே ஏறி வந்தாள். படத்தில் கயிறு இறுகியிருந்தது. வரையும்போது தளர்வாகத்தான் வரைந்தாள். இப்போது பெண்ணின் கழுத்துச் சதை இரண்டு பக்கமும் பிதுங்கி நின்றது. கயிற்றின் நுனி, அவள் வரையாத நுனி, பின்னால் நிற்பவளின் முதுகுப்புறமாகப் போய் அவள் கைக்குள் மறைந்தது.

கட்டியவள்தானே அவிழ்க்க வேண்டும்.

ஃபோனை மேசையில் வைத்து ஸ்பீக்கரைப் போட்டாள். சாயம் சுரண்டும் மெல்லிய கத்தியை எடுத்தாள். பிளேடு புதுசு. "இருடி, அம்மா எடுத்துருதேன். கொஞ்சம் பொறு." கோணல் கையால் பலகையை அழுத்திப் பிடித்துக்கொண்டு கயிற்றின் ஓரத்தில் கத்தியை வைத்தாள்.

முதல் இழுப்பில் மஞ்சள் சுருளாக வந்தது. ஈரச் சுருள்.

ஃபோனில் மூச்சு திரும்பியது. பெரிய மூச்சு. "ஹா... விட்டுது அம்மா. கொஞ்சம் விட்டுது."

சந்தனமாரிக்கு அழுகை முட்டியது. கண்ணைத் துடைக்கவில்லை. சுரண்டினாள். இன்னொரு இழுப்பு. இன்னொன்று. கழுத்தின் முன்பக்கம் பாதி வெளுத்துவிட்டது. அடியில் பழைய கீறல்கள் தெரிந்தன. தன் கத்தி அதே கீறல்களின் மேலேயே போவதைக் கண்டாள். அதே சாய்வு. அதே அழுத்தம். இதற்கு முன்னாலும் ஒரு தாய் இங்கே நின்று, இப்படியே.

"யக்கா?"

இசக்கிராஜாவின் குரல். தூரத்திலிருந்து வந்தது. ஃபோனைப் பார்த்து அவன் பேசவில்லை.

"யக்கா, நீ எப்ப வந்த?"

அவள் கை நிற்கவில்லை.

"கதவு பூட்டியிருக்கு. எப்படி உள்ள வந்த? யக்கா, கையில என்ன அது?"

"ராஜா, நான் கடையிலதான் இருக்கேன்" என்று கத்தினாள். "அங்க யாருடா? யாரு நிக்கா?"

"அம்மா." ஸ்நேஹா பேசினாள். சந்தோஷமாகத்தான் பேசினாள். அம்மாவைக் கண்ட பிள்ளை. "அம்மா, நீ வந்துட்டியா." பிறகு, "அம்மா, மெல்ல. வேதனிக்குது." பிறகு, "அம்மா."

கத்தியை எடுக்கப் பார்த்தாள். விரல்கள் பிரியவில்லை. தோள் பிரியவில்லை. கோணல் கை பலகையில் மகளின் தலைமுடியைப் பிடித்திருப்பது போல இறுகிக் கிடந்தது. கத்தி இழுத்தது. திரும்ப வந்தது. இழுத்தது. மஞ்சளின் கீழே சுண்ணாம்புப் பூச்சு இருக்க வேண்டும். வெள்ளை இருக்க வேண்டும். சிவப்பு வந்தது. சூடாக வந்தது. மணிக்கட்டு வழியாக முழங்கைக்கு ஓடியது.

"புள்ளய விடு! யக்கா, விடுக்கா! ஐயோ அறுக்காத!"

அடிக்கும் சத்தம். பாத்திரம் உருளும் சத்தம். கட்டாரி எதிலோ பாய்ந்து இறங்கும் சத்தம், மறுபடியும், மறுபடியும், இசக்கிராஜா அலறி அலறிக் குத்தினான், யாரைக் குத்துகிறானோ அவளிடமிருந்து ஒரு முனகல் கூட வரவில்லை. மகளின் குரல் குரலாக இல்லை. காற்றாக இருந்தது. ஈரக் காற்று. நின்றது.

அப்போது கையும் நின்றது.

மழை பெய்துகொண்டிருந்தது. ஃபோனில் தம்பி யக்கா, யக்கா என்று விசும்பிக்கொண்டிருந்தான். சந்தனமாரியின் சேலையில் முதுகுப் பக்கம் ஏழெட்டு இடங்களில் துணி கிழிந்து தொங்கியது. வலியில்லை.

படத்தில் பத்தாவது பெண்ணின் கழுத்து வெற்றிடமாக இருந்தது. சுத்தமாக, குறுக்கும் நெடுக்குமாகப் புதுக் கீறல்களோடு. அவள் ஆசனத்துக்குக் கீழே இதுவரை ஒன்றும் இருந்ததில்லை. இப்போது ஒரு நீளமான வெள்ளைத் துணிச்சுருள் கிடந்தது. துணியின் ஓரத்தில் ஹோட்டல் அடையாள அட்டையின் நீலக் கயிறு வெளியே நீட்டிக்கொண்டிருந்தது.

பின்னால் நின்றவள் சுவரைப் பார்க்கவில்லை. திரும்பியிருந்தாள். நீண்ட தாடை, கோணிய இடது மணிக்கட்டு, வலது கையில் சிறிய மெல்லிய கத்தி. சந்தனமாரி வாயைப் பொத்திக்கொண்டாள். படத்தில் இருந்தவளும் பொத்திக்கொண்டாள்.