கைப்பிடி இல்லாத பம்ப்

அடிபம்பின் கைப்பிடியைக் கழற்றி என் கட்டிலுக்கடியில் ஒளித்து வைத்தவன் நான்தான். நல்லெண்ணம்! என் நல்லெண்ணத்தால் உருப்பட்ட குடும்பம் பொழிச்சலூரில் இதுவரை கிடையாது.

என் அக்கா தனம், தன் ஒன்பது வயது மகன் அசரியாவைக் காலையும் மாலையும் பம்ப் அடிக்க விடுவாள். எங்கள் குடங்கள் நிறைந்தாலும் விடமாட்டாள். பக்கத்து வீட்டுக் குடங்களையும் வாங்கி வைப்பாள். "ஏன்க்கா?" என்றால், "தண்ணி வேணாமா?" என்பாள். தெருவே அவளைக் கொடுமைக்காரி என்றது. வேலைவெட்டி இல்லாமல் அவள் சோற்றைத் தின்கிற தாய்மாமன் நான், மருமகனுக்கு ஒரு நாள் லீவு கொடுத்தேன்.

அன்று காலை இட்லித் தட்டின் முன் அசரியாவின் கண்கள் படபடவென்று சிமிட்டின. தோள் வெட்டி வெட்டி இழுத்தது. தொண்டையிலிருந்து 'ஹுக்... ஹுக்'.

"எவளுக்குடா கண்ணடிக்கிற?" என்றேன். என் வழக்கமான ஜோக்.

"நிறுத்துடா அத!" என்று கத்தினார் மச்சான் சவுரிமுத்து.

சத்தம் கூடியது. பையன் கொல்லைக்கு ஓடினான். கைப்பிடி இல்லை! அலறிக்கொண்டு திரும்பியவன் சொம்பை எடுத்து வீசினான். மச்சான் பர்மா பஜாரில் ஆசையாக வாங்கிய டேப்ரெக்கார்டர் சிதறியது. பளாரென்று அறை விழுந்தது.

"இன்னைக்கே ஹாஸ்டல்!" மச்சான் டிரங்குப் பெட்டியை இழுத்துப் போட்டார்.

"பெத்த புள்ளைய கூலியாளாட்டம் வேலை வாங்கினா, அவன் இன்னா பண்ணுவான்?" என்று மூக்கைச் சிந்தினாள் மச்சானின் தங்கை அருள்மேரி. "எல்லாம் உங்களாலதான் அண்ணி!"

அக்கா எதுவும் காதில் விழாமல் கொல்லை முழுக்கத் தேடினாள். "கைப்பிடி எங்க... ஐயோ, யாரு எடுத்தது?"

"நான்தான்க்கா... பாவம்னு..."

என்னை அடித்திருக்கலாம். அடிக்கவில்லை. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"டேய் சின்னப்பா... அது தண்ணிக்கில்லடா! இந்த வெட்டையும் சத்தத்தையும் மிஸ் திட்டுவாங்கன்னு ஸ்கூல்ல பூரா அடக்கி வெக்கிறான். வூட்டுக்கு வந்தா வெடிக்குது. பம்ப் அடிச்சாதான் அடங்குது... 'பைத்தியம்னு சொல்லுவாங்கம்மா, யார்கிட்டயும் சொல்லாத'ன்னு என் கையப் புடிச்சினு அழுதான். எம்பேரு கெட்டா கெடட்டும்னு இருந்துட்டேன்!"

கட்டிலுக்கடியில் நுழைந்தவன், தலையில் இடித்துக்கொண்டு கைப்பிடியோடு வந்தேன். மாட்டியதும் அசரியா விம்மிக்கொண்டே அடித்தான். அடிக்க அடிக்கத் தோளின் வெட்டு குறைந்தது. கண் சிமிட்டல் மெல்ல நின்றது. மச்சான் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"குடம் ரொம்பிடுச்சுப்பா..." பையன் பயந்தபடி கையை எடுத்தான்.

மச்சான் குனிந்தார். தண்ணீருக்கு அடித்துக்கொள்கிற எங்கள் தெருவில், நிறைகுடத்தை அப்படியே மண்ணில் கவிழ்த்தார். மறுபடி பம்புக்கடியில் வைத்தார்.

"நீ அடி கண்ணு..." என்றவர் அக்கா பக்கம் திரும்பினார். "தனம், என்ன மன்னிச்சிடும்மா..."

அக்கா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அவர் தோளில் சாய்ந்து அழுதாள்.

நான் பையன் பக்கத்தில் குந்தினேன். "அசரியா, அத நிறுத்தவே முடியாதாடா?" சிரிக்காமல் நான் அவனிடம் கேட்ட முதல் கேள்வி அது.

அவன் அடிப்பதை நிறுத்தவில்லை.

"முடியாது மாமா. தும்மல் மாதிரி வரும். அடக்குனா பெருசா வரும்... நீ ஜோக் அடிச்சா, இன்னும் பெருசா வரும்."